ஸ்டிக்கர் கட் லைன் சொதப்புதா? எப்படி சொதப்புதுன்னு பார்த்து சரி பண்றது

ஸ்டிக்கர் ஷீட்ட வெட்டற மெஷின்தான் கட்டர், அதுக்கு கண்ணு கிடையாது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கீழ வரப்போற பிரச்சனைல முக்கால்வாசிக்கு காரணம் இதுதான். ஸ்கிரீன்ல நீங்க பாக்கற கலர், ஷேடோ, தடிமனான பார்டர், மறைச்சு வச்ச பாகம் எதுவுமே அதுக்கு தெரியாது. அதுக்கு தெரிஞ்சதெல்லாம் பாத் மட்டும்தான், எங்க ஆரம்பிச்சு எந்த வழியா வளைஞ்சு எங்க முடியணும்ங்கற கணக்கு. ஒரே பாத் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு இருந்தா ரெண்டு தடவ வெட்டும், வெள்ளை கலர்ல கண்ணுக்கு தெரியாம ஒரு சதுரம் கிடந்தா அதையும் மரியாதையா வெட்டி வைக்கும்.

அதனால எந்த பிரச்சனைனாலும் மெஷின் பக்கம் போறதுக்கு முன்னாடி ஃபைல உங்க டிசைன் சாஃப்ட்வேரோட அவுட்லைன் வியூல பாருங்க. இங்க்ஸ்கேப்ல கண்ட்ரோலும் நம்பர் பேட்ல இருக்கற 5ம், அவுட்லைன் வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தடவ தட்டணும். இல்லஸ்ட்ரேட்டர்ல கண்ட்ரோல் ஒய். கோரல்ல வியூ மெனுல வயர்ஃப்ரேம். கலரெல்லாம் போய் வெறும் எலும்புக்கூடு தெரியும் பாருங்க, அதுதான் கட்டர் பாக்கற படம். அங்க ஒரு கோடு அதிகமா இருந்தா ஷீட்லயும் ஒரு வெட்டு அதிகமா விழும், அவ்ளோதான்.

இன்னொரு டெஸ்ட்டும் இருக்கு. பெரும்பாலான கட்டர்ல உள்ளயே டெஸ்ட் கட் இருக்கும், சின்ன சதுரமோ வட்டமோ வெட்டி காட்டும். அது சுத்தமா வந்து உங்க டிசைன் மட்டும் சொதப்பினா தப்பு ஃபைல்ல. அதுவே கோணலா வந்தா பிளேடு, ப்ரெஷர், ரோலர்னு பாருங்க. இந்த ஒரு நிமிஷ வேலைய செய்யாம நான் ஆரம்பத்துல ரெண்டு புது பிளேடு வாங்கி மாத்தியிருக்கேன், கடைசில பாத்தா டபுள் பாத்.

"எழுத்தும் எழுத்தும் சேர்ற இடத்துல குறுக்க வெட்டிடுச்சு"

தமிழ் எழுத்துல ரேடியம் ஸ்டிக்கர் வெட்டறவங்களுக்கு முதல் நாளே வர்ற பிரச்சனை இது. "மாரியம்மன் துணை"னு ஒரு பைக் ஸ்டிக்கர் எடுத்துக்கங்க. 'ரி'ல வர்ற கொக்கி நிறைய ஃபான்ட்ல தனி உருவமா வந்து 'ர' மேல லேசா ஏறி உக்காந்திருக்கும், ஒரே கலர்ல இருக்கறதால ஸ்கிரீன்ல ஒரே எழுத்தா தெரியும். அவுட்லைன் வியூ போனீங்கன்னா ரெண்டு கோடும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டு போறது தெரியும். கட்டர் ரெண்டையும் வெட்டும், வீடிங், அதாவது வேண்டாத பாகத்த உரிச்சு எடுக்கற வேலை, பண்ணும்போது கொக்கி தனியா ர தனியா கைல வரும்.

இங்க்ஸ்கேப்ல இதுக்கு தீர்வு ஈசி. டெக்ஸ்ட்ட செலக்ட் பண்ணி பாத் மெனுல ஆப்ஜெக்ட் டு பாத் குடுங்க, குரூப்பா வரும், அன்குரூப் பண்ணுங்க, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி யூனியன் (கோரல்ல இதுக்கு பேரு வெல்டு). முடிஞ்சது. ஆனா அதுக்கு முன்னாடி டெக்ஸ்ட்டா இருக்கற ஒரிஜினலுக்கு ஒரு காப்பி எடுத்து பக்கத்துல வச்சுடுங்க, ஏன்னா பாத் ஆக்கினப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது, கஸ்டமர் கண்டிப்பா கடைசி நிமிஷத்துல "அண்ணே, துணைக்கு பதிலா அருள்னு போட்டுடுங்க"ன்னு வந்து நிப்பாரு.

கோரல்ல கொஞ்சம் கவனமா பண்ணணும். கண்ட்ரோல் கியூ குடுத்து கர்வ் ஆக்கினா மொத்த வார்த்தையும் ஒரே கர்வா வந்துடும், அப்படி இருக்கறத அப்படியே வெல்டு பண்ண ஒண்ணும் இருக்காது. கண்ட்ரோல் கே குடுத்து உடைக்கணும். உடைச்சா 'ன', 'ண' மாதிரி சுழி இருக்கற எழுத்துக்குள்ள இருக்கற ஓட்டையும் தனித்தனி உருவமா வந்துடும், அத கவனிக்காம எல்லாத்தையும் சேர்த்து வெல்டு அடிச்சீங்கன்னா சுழியெல்லாம் அடைஞ்சு போய் 'ன' ஒரு குண்டு உருண்டையா நிக்கும். அதனால வெளிக்கோடு மட்டும் செலக்ட் பண்ணி முதல்ல வெல்டு, அப்புறம் உள்ள இருக்கற ஓட்டைங்களையும் சேர்த்து செலக்ட் பண்ணி கண்ட்ரோல் எல், அதாவது கம்பைன். இந்த வரிசை மாறக்கூடாது.

வெல்டுக்கும் கம்பைனுக்கும் இருக்கற வித்தியாசம் புரியாமதான் பாதி பேர் சுத்தறாங்க. வெல்டு ரெண்டு உருவத்த உருக்கி ஒண்ணாக்கும், நடுவுல இருக்கற கோடு காணாம போயிடும். கம்பைன் ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டும், அவ்ளோதான், கோடெல்லாம் அப்படியே இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறின இடம் ஓட்டையாகிடும். சேர்ற இடத்துல வெள்ளையா ஒரு திட்டு தெரிஞ்சா வெல்டுக்கு பதிலா கம்பைன் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்.

புள்ளி விஷயமும் இங்கயே சொல்லிடறேன். 'ம்', 'ன்' மேல இருக்கற புள்ளி எழுத்தோட ஒட்டாம தனியா நிக்கும், அது 3 மில்லிமீட்டருக்கு கீழ போச்சுன்னா பிளேடு அத சுத்தி வர்றதுக்குள்ளயே பின்னாடி இருக்கற பேக்கிங் பேப்பர விட்டு கிளம்பி பிளேடு ஹோல்டர்ல ஒட்டிக்கும், அப்புறம் அடுத்த எழுத்தையும் கெடுக்கும். ஸ்பீடு குறைக்கறது ஒரு வழி. புள்ளிய மட்டும் கொஞ்சம் பெரிசாக்கறது இன்னொரு வழி, நான் பண்றது அதுதான், 20 சதவீதம் பெரிசாக்கினா யாருக்கும் தெரியாது. சிலர் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிசு பாலம் போட்டு இணைப்பாங்க, பாக்க எனக்கு பிடிக்காது, ஏதோ நூல்ல கட்டின பலூன் மாதிரி இருக்கும்.

"ஒரு கோடு கேட்டேன், ரெண்டு கோடு பக்கத்து பக்கத்துல வெட்டுது"

ரயில் தண்டவாளம் மாதிரி இணையா ரெண்டு கோடு போகுதுன்னா ரெண்டு காரணம்தான். ஒண்ணு, தடிமனான ஸ்ட்ரோக்க, அதாவது ஓரக்கோட்ட, நீங்க ஸ்ட்ரோக் டு பாத் பண்ணியிருப்பீங்க, கோரல்ல கன்வர்ட் அவுட்லைன் டு ஆப்ஜெக்ட். அப்போ கோடு ஒரு வளையமா மாறிடும், வளையத்துக்கு உள் விளிம்பு ஒண்ணு வெளி விளிம்பு ஒண்ணு. இல்லன்னா ஒரு கோட்டுப்படத்த ட்ரேஸ் பண்ணியிருப்பீங்க, அதாவது சாஃப்ட்வேர வச்சு படத்துலேருந்து பாத் எடுத்திருப்பீங்க. ட்ரேஸ் டூல் சாதாரணமா கோட்டோட நடுவ எடுக்காது, கறுப்போட ரெண்டு ஓரத்தையும்தான் எடுக்கும்.

பிரேக் அபார்ட் பண்ணி உள்ள இருக்கறத டெலீட் பண்ணுங்க, வெளிக்கோடு மட்டும் போதும். பார்டர் தடிமன் வேணும்னுதான் ஸ்ட்ரோக்க பெருசாக்கினேன்னு சொல்றவங்க, ஸ்ட்ரோக்க விட்டுட்டு, உருவத்த சுத்தி கொஞ்சம் தள்ளி இன்னொரு பாத் போடற ஆஃப்செட் பக்கம் வாங்க. ஸ்ட்ரோக் கண்ணுக்குத்தான், கட்டருக்கு இல்ல.

"ஒரே ஸ்டிக்கரா வரணும், பிட்டு பிட்டா வருது"

லோகோ ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம், சுத்தி ஒரே வெள்ளை பார்டரோட ஒரே ஸ்டிக்கரா வரணும். 2 மில்லிமீட்டர் ஆஃப்செட் குடுக்கறீங்க, லோகோவுக்கு ஒரு கோடு பேருக்கு ஒரு கோடுன்னு தனித்தனியா வந்து நிக்குது.

முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுத்து யூனியன் பண்ணி ஒரே உருவமாக்குங்க, அப்புறம்தான் ஆஃப்செட். கோரல்ல கான்டூர் டூல், வெளிப்பக்கம், 1 ஸ்டெப், மூலை வளைவா இருக்கற ஆப்ஷன், அப்புறம் கண்ட்ரோல் கே குடுத்து கான்டூர தனியா பிரிச்சுக்கணும். இல்லஸ்ட்ரேட்டர்ல ஆப்ஜெக்ட் மெனுல பாத், ஆஃப்செட் பாத். இங்க்ஸ்கேப்ல பாத் மெனுல அவுட்செட்னு ஒண்ணு இருக்கு, ஆனா ஒரு தட்டுக்கு எவ்வளவு நகரணும்ங்கறது ப்ரிஃபரன்ஸஸ்ல பிஹேவியர், ஸ்டெப்ஸ்ல இருக்கும், ஆரம்பத்துல அது 2 பிக்சல்ல இருக்கும், அத 1 மில்லிமீட்டரா மாத்தி வச்சுக்கிட்டா எத்தன தட்டுன்னு எண்ணிக்கலாம். இல்லன்னா பாத் எஃபெக்ட்ஸ்ல ஆஃப்செட் போடுங்க, நேரா நம்பர் அடிக்கலாம், மூலை எப்படி வரணும்னும் சொல்லலாம்.

இப்போ இடைவெளி. லோகோவுக்கும் பேருக்கும் நடுவுல 4 மில்லிமீட்டருக்கு மேல போச்சுன்னா 2 மில்லிமீட்டர் ஆஃப்செட் ஒண்ணையொண்ணு தொடாது. அதுக்காக பார்டர 6 மில்லிமீட்டர் ஆக்கினா ஸ்டிக்கர் போர்வை போத்தின மாதிரி ஆயிடும். இங்க ஒரு தந்திரம் இருக்கு, இத கத்துக்கிட்டப்புறம் என் வேலை பாதியா குறைஞ்சது: முதல்ல 6 மில்லிமீட்டர் வெளிய தள்ளுங்க, எல்லாம் ஒட்டிக்கும், யூனியன் பண்ணுங்க, அப்புறம் அதே கோட்ட 4 மில்லிமீட்டர் உள்ள இழுங்க. வெளி ஓரத்துல நிகரமா 2 மில்லிமீட்டர் பார்டர்தான் நிக்கும், ஆனா நடுவுல ஒட்டின இடம் ஒட்டினபடியே இருக்கும், எழுத்துக்கு நடுவுல இருந்த சந்து பொந்தெல்லாம் தானா அடைஞ்சு வழவழன்னு ஆயிடும். கட்டரும் அந்த சந்துக்குள்ள எல்லாம் போய் திரும்ப வேண்டாம், கஸ்டமர் உரிக்கும்போதும் கிழியாது. திரும்ப இழுக்கும்போது பாலம் அறுந்து போச்சுன்னா முதல் நம்பர இன்னும் பெரிசாக்குங்க, வெளிய 8 உள்ள 6ன்னு. ரொம்ப தூரம் இருந்தா இந்த வித்தையும் ஓடாது, டிசைன்லயே பக்கத்துல நகர்த்தணும், இல்ல நடுவுல ஒரு பட்டை வரைஞ்சு யூனியன்ல சேர்த்துக்கணும்.

ஆஃப்செட் போட்டப்புறம் உள்ள சின்னச்சின்ன தீவு மாதிரி ஓட்டை இருக்கான்னு பாருங்க, பிரேக் அபார்ட் பண்ணி உள்ள இருக்கறதெல்லாம் டெலீட். மூலை கூர்மையா முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்தா ஜாயின் டைப் மைட்டர்ல இருக்கு, ரவுண்டுக்கு மாத்துங்க. கூர்மையான மூலை அழகுக்கு நல்லா இருக்கலாம், ஆனா பைக் டேங்க்ல ஒட்டினா முதல்ல உரிய ஆரம்பிக்கறது அந்த மூலைதான்.

"ஓரம் பிசிறு பிசிறா இருக்கு, மெஷின் நடுங்கி நடுங்கி வெட்டுது"

சத்தத்துலயே தெரியும். நல்ல பாத்துன்னா கட்டர் சர்ருன்னு போகும், நோடு, அதாவது பாத்துல இருக்கற புள்ளி, அதிகமான பாத்துன்னா டர்ர்ர்ருன்னு மேடு பள்ளத்துல போற ஷேர் ஆட்டோ மாதிரி போகும். நோடு டூல எடுத்து பாத்த கிளிக் பண்ணி பாருங்க, ஒரு வட்டத்துக்கு 4 நோடு போதும், ட்ரேஸ் பண்ணின வட்டத்துல 100 இருக்கும்.

காரணம் கிட்டத்தட்ட எப்பவும் ட்ரேஸ்தான், அதுவும் வாட்ஸ்அப்ல வந்த படம். கஸ்டமர் அனுப்பற லோகோ பல பேர் கை மாறி வந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் சுருங்கி ஓரமெல்லாம் மங்கலாயிருக்கும், அந்த மங்கல்ல இருக்கற ஒவ்வொரு பிக்சல் படிக்கட்டையும் ட்ரேஸ் டூல் உண்மையான வளைவுன்னு நினைச்சு நோடு போடும். "டாக்குமென்ட்டா அனுப்புங்க"ன்னு கேளுங்க, முடிஞ்சா ஒரிஜினல் கோரல் ஃபைலான சிடிஆரோ பிடிஎஃப்போ கேளுங்க.

கட் லைனுக்கு மட்டும்னா படத்த அப்படியே ட்ரேஸ் பண்ண வேண்டிய அவசியமே இல்ல. நமக்கு வேண்டியது நிழலுருவம் மட்டும்தான். படத்த காப்பி எடுத்து, பேக்கிரவுண்ட் இல்லாத பிஎன்ஜி ஆக்கி, உள்ள மொத்தத்தையும் கறுப்பாக்கி, அப்புறம் ட்ரேஸ் பிட்மேப்ல ப்ரைட்னெஸ் கட்ஆஃப் குடுத்தா ஒரே சுத்தமான உருவம் வரும். பேக்கிரவுண்ட் எடுக்காம ட்ரேஸ் பண்ணி "சதுரமா கட் லைன் வருது"ன்னு சொல்றவங்க, அந்த வெள்ளையும் படம்தான். ஷேடோவும் எடுத்துடுங்க, இல்லன்னா ஷேடோவோட ஓரத்துல கட் லைன் போய் நிக்கும், ஒரு பக்கம் பார்டர் வீங்கினாப்ல இருக்கும்.

வந்தப்புறம் சிம்ப்ளிஃபை, இங்க்ஸ்கேப்ல கண்ட்ரோல் எல். ஒரு தடவ தட்டுங்க, பாருங்க, தேவைன்னா இன்னொண்ணு. நாலஞ்சு தடவ தட்டினா சிங்கம் பூனையாயிடும். மேல சொன்ன வெளிய தள்ளி உள்ள இழுக்கற வித்தையும் பிசிற குறைக்கும், அதனால நான் ஆஃப்செட் முடிச்சப்புறம்தான் சிம்ப்ளிஃபை பண்றது.

"சில ஸ்டிக்கர் மட்டும் பேக்கிங் பேப்பரோட அறுந்து வருது"

எல்லா ஸ்டிக்கரும் அப்படி வந்தா ப்ரெஷர் ஜாஸ்தி இல்ல பிளேடு ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. சாதாரண வினைல், அதாவது ஸ்டிக்கர் ஷீட்டோட மேல் பாகம், 100 மைக்ரானுக்கு பக்கத்துல இருக்கும், பிளேடு அத மட்டும் அறுத்துட்டு பேப்பர்ல லேசா கீறல் போட்டா போதும், டெஸ்ட் கட்ட உரிச்சுட்டு பின்னாடி பேப்பர வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, கோடு தெரியணும், ஓட்டை தெரியக்கூடாது.

ஆனா ஷீட்ல 30 ஸ்டிக்கர்ல 3 மட்டும் அறுந்து வந்தா அது ப்ரெஷர் இல்ல, அந்த மூணுல மட்டும் பாத் ரெட்டையா இருக்கு. டூப்ளிகேட் அடிக்கும்போது கை தவறி அதே இடத்துல ரெண்டு விழுந்திருக்கும். அவுட்லைன் வியூல கூட தெரியாது, ஒண்ணு மேல ஒண்ணு அச்சா உக்காந்திருக்கும். கண்டுபிடிக்க, அந்த இடத்துல ரப்பர் பேண்ட் மாதிரி இழுத்து செலக்ட் பண்ணிட்டு கீழ ஸ்டேட்டஸ் பார்ல எத்தன ஆப்ஜெக்ட்னு பாருங்க, 1க்கு பதிலா 2ன்னு காட்டினா திருடன் மாட்டினான். ரெண்டையும் யூனியன் பண்ணா ஒண்ணாயிடும்.

"சைஸ் மாறிடுச்சு"

இது எனக்கு பிடிச்ச பிரச்சனை, ஏன்னா எவ்வளவு மாறிச்சுங்கற நம்பரே எங்க தப்புன்னு சொல்லிடும். ஃபைல்ல 100 மில்லிமீட்டர் சதுரம் ஒண்ணு போட்டு வெட்டி ஸ்கேல் வச்சு அளங்க.

75 வந்தா, இல்லஸ்ட்ரேட்டர்ல சேவ் பண்ணின எஸ்விஜி ஃபைல இங்க்ஸ்கேப்ல திறந்திருக்கீங்க. இல்லஸ்ட்ரேட்டர் ஒரு அங்குலத்துக்கு 72 பிக்சல்னு எழுதும், இங்க்ஸ்கேப் 96ன்னு படிக்கும், 72ஐ 96ஆல வகுத்தா முக்கால். 133 வந்தா அதுக்கு தலைகீழ், இங்க்ஸ்கேப் ஃபைல 72ன்னு நினைக்கற சாஃப்ட்வேர்ல திறந்திருக்கீங்க. 93.75 வந்தா ஃபைல் பழசு, இங்க்ஸ்கேப் 0.91 வரைக்கும் அங்குலத்துக்கு 90 பிக்சல், 2017ல வந்த 0.92லேருந்துதான் 96. பழைய ஃபைல திறக்கும்போது அதுவே ஒரு பெட்டி போட்டு கேக்கும், நாமதான் படிக்காம ஓகே தட்டிடறோம். 106.7 வந்தா புது ஃபைல 90ன்னு நினைக்கற ஏதோ ஒரு பழைய கட்டர் சாஃப்ட்வேர் படிச்சிருக்கு. ஒரேயடியா ஷீட்ட விட பெருசாவோ இல்ல 4 மில்லிமீட்டர் பொட்டாவோ வந்தா டிஎக்ஸ்எஃப் ஃபைல்ல அங்குலமும் மில்லிமீட்டரும் மாறிப்போச்சு, 25.4ஆல பெருக்கணும் இல்ல வகுக்கணும்.

ஃபைல திருத்தறத விட பிடிஎஃப்பா அனுப்ப முடிஞ்சா அனுப்பிடுங்க, அதுல அளவு அளவாவே போகும்.

இதுல ஒரு குட்டி ஏமாத்து வேலையும் இருக்கு. 50 மில்லிமீட்டர் வட்டம் வரைஞ்சேன், இங்க்ஸ்கேப் 52ன்னு காட்டுதுன்னு ஒரு தம்பி கேட்டான். ஸ்ட்ரோக் 2 மில்லிமீட்டர் தடிமன்ல இருந்தது, பாத்துக்கு வெளிய ரெண்டு பக்கமும் 1, 1. கட்டர் வெட்டறது 50தான். ப்ரிஃபரன்ஸஸ்ல டூல்ஸ்ல ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்னு மாத்திட்டா குழப்பம் தீர்ந்தது.

"கட் லைன் பிரிண்ட்ல விழுந்துடுச்சு, ஆனா வெட்டல"

பிரிண்ட் அண்ட் கட் மெஷின்ல குடுக்கறவங்களுக்கு. இங்க ரிப், அதாவது ஃபைல மெஷினுக்கு புரியற மாதிரி மாத்தி குடுக்கற சாஃப்ட்வேர், கட் லைன கண்டுபிடிக்கறது கோட்டோட பேர வச்சுதான். ரோலண்ட் மெஷினோட வெர்சாவொர்க்ஸ் தேடறது கட்கான்டூர்ங்கற பேர்ல இருக்கற ஸ்பாட் கலர (பேரு வச்ச தனி கலர்), ஆங்கிலத்துல ரெண்டு சி-யும் பெரிய எழுத்து, நடுவுல இடைவெளி கிடையாது. ஒரு இடைவெளி விட்டாலும், சின்ன எழுத்துல அடிச்சாலும், அது சும்மா ஒரு மெஜந்தா கோடுன்னு நினைச்சு அழகா பிரிண்ட் பண்ணி குடுத்துடும். மெஜந்தா போட்டா போதும்னு நினைக்கறவங்க நிறைய பேர். மெஜந்தா நம்ம கண்ணுக்கு அடையாளத்துக்குத்தான், பச்சை போட்டாலும் வெட்டும், பேரு சரியா இருந்தா.

பேரும் சரியா இருந்து வெட்டலைன்னா மூணு இடம் பாருங்க: ஸ்வாட்ச் ஸ்பாட்டா இருக்கா இல்ல ப்ராசஸ்ல, அதாவது சாதா நாலு கலர் கலவையா, இருக்கா, பிடிஎஃப் எக்ஸ்போர்ட்ல எல்லாத்தையும் சிஎம்ஒய்கே ஆக்குன்னு டிக் இருக்கா, கலர் ஸ்ட்ரோக்ல இருக்கா இல்ல தப்பா ஃபில்ல போயிருக்கா. கோட்டு மேல ட்ரான்ஸ்பரன்சி, ஷேடோ எதுவும் வேண்டாம், எக்ஸ்போர்ட்ல அது கரைஞ்சு படமாயிடும். இங்க்ஸ்கேப்ல வரைஞ்ச கோடுன்னா ஸ்பாட் பேரு குடுக்கற வேலைய கோரல்லயோ இல்லஸ்ட்ரேட்டர்லயோ கடைசியா பண்ணிடுங்க. கடைக்கு அனுப்பறதா இருந்தா அவங்க மெஷினுக்கு என்ன பேரு வேணும்னு ஒரு ஃபோன் போட்டு கேட்டுடுங்க, ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொண்ணு கேக்கும்.

"ஸ்கிரீன்ல வட்டமா இருக்கு, சதுரமா வெட்டுது"

கிளிப், மாஸ்க், கோரல்ல பவர்கிளிப். வட்டத்துக்குள்ள சதுரத்த ஒளிச்சு வச்சிருக்கீங்க, நமக்குத்தான் ஒளிஞ்சிருக்கு, கட்டருக்கு இல்ல. கிளிப்ப ரிலீஸ் பண்ணிட்டு ரெண்டையும் செலக்ட் பண்ணி இன்டர்செக்ஷன் குடுங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல எஃபெக்ட் மெனு வழியா ஆஃப்செட் போட்டவங்களுக்கும் இதே கதிதான், பார்டர் பெருசா தெரியும், வெட்டு உள்ள விழும். எக்ஸ்பாண்ட் அப்பியரன்ஸ் பண்ணினாத்தான் அது நிஜ பாத்.

"ஒரு பக்கம் வெள்ளை ஓரம் ஜாஸ்தி, மறு பக்கம் இல்லவே இல்ல"

பிரிண்டும் கட்டும் அரை மில்லிமீட்டர் நகர்றது சகஜம், அத ஒழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். கணக்கு போட்டு பாருங்க: வெள்ளை பார்டர் 1 மில்லிமீட்டர் வச்சு அரை மில்லிமீட்டர் நகர்ந்தா ஒரு பக்கம் அரை, மறு பக்கம் ஒண்ணரை, மூணு மடங்கு வித்தியாசம், யாரா இருந்தாலும் பாத்தவுடனே சொல்லிடுவாங்க. அதே பார்டர் 3 மில்லிமீட்டர்னா இரண்டரை, மூணரை, யார் கண்ணுக்கும் உறுத்தாது. மெல்லிசு பார்டர் வேணும்னு அடம் பிடிக்கற கஸ்டமருக்கு நான் இந்த கணக்கத்தான் பில்லுக்கு பின்னாடி எழுதி காட்டறது.

பார்டரே வேண்டாம், ஓரம் வரைக்கும் கலர்னா பேக்கிரவுண்ட கட் லைனுக்கு வெளிய 2 மில்லிமீட்டர் நீட்டுங்க, எழுத்து எதுவும் கட் லைனுக்கு உள்ள 2 மில்லிமீட்டருக்கு பக்கத்துல வராம பாத்துக்கங்க. கோடு ஒண்ணுதான், கலர் அதுக்கு வெளிய, எழுத்து அதுக்கு உள்ள.

நகர்றது அரை மில்லிமீட்டர தாண்டி, ஷீட்டோட தலைல சரியா இருந்து கீழ போகப்போக ஜாஸ்தியானா அது ஃபைல் இல்ல. ரோல் கோணலா போகுது, இல்ல கட்டர் இடம் கண்டுபிடிக்க பிரிண்ட்ல போடற ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்க சென்சார் சரியா படிக்கல. பளபளன்னு லேமினேஷன் போட்ட ஷீட்ல லைட் எதிரொளிச்சு சென்சார் தடுமாறும், மார்க் மேல மட்டும் லேமினேஷன வெட்டி எடுத்துடுங்க, இல்ல மேட் டேப் துண்டு ஒண்ணு ஒட்டுங்க. ஒரே நீள ஓட்டமா 2 மீட்டர் வெட்டறதுக்கு பதிலா நாலா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி மார்க் குடுத்தா நகர்றது சேர்ந்துக்கிட்டே போகாது.

"மூலை மழுங்குது, ஆரம்பிச்ச இடமும் முடிஞ்ச இடமும் சேரல"

ஸ்டிக்கர உரிக்கும்போது ஒரே ஒரு இடத்துல மட்டும் வால் மாதிரி பிடிச்சுக்கிட்டு வராம இருக்கா? நோடு டூல்ல அந்த இடத்த பெருசாக்கி பாருங்க, முதல் நோடும் கடைசி நோடும் ஒட்டாம இருந்தா ரெண்டையும் செலக்ட் பண்ணி இங்க்ஸ்கேப்ல ஷிஃப்ட் ஜே, இல்லஸ்ட்ரேட்டர்ல கண்ட்ரோல் ஜே, கோரல்ல ஜாயின் கர்வ்ஸ். பாத் மூடிதான் இருக்குன்னா மெஷின்ல ஓவர்கட்ட ஆன் பண்ணுங்க, முடிஞ்ச இடத்த தாண்டி ஒரு துளி அதிகமா போய் வெட்டும்.

மூலை எல்லாமே மழுங்கினா பிளேடு ஆஃப்செட் கம்மியா இருக்கு, மூலைல கொம்பு மாதிரி வெளிய துருத்தினா ஜாஸ்தியா இருக்கு. பிளேடோட முனை ஹோல்டரோட நடுவுல இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும், பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர், பிளேடு பாக்கெட்ல போட்டிருப்பாங்க, அந்த நம்பர கட்டர்ல குடுக்கணும். சாதா வினைலுக்கு 45 டிகிரி பிளேடு போதும், தடிமனான ரிஃப்ளெக்டிவுக்கும் பொடி எழுத்துக்கும் 60.

"நேத்து வெட்டினது, இன்னிக்கு ஓரமெல்லாம் சுருண்டு நிக்குது"

கட் லைன் மேல தப்பே இல்ல. எக்கோ சால்வென்ட் இங்க் பிரிண்ட் பண்ணவுடனே லேமினேட் பண்ணி வெட்டியிருப்பீங்க, உள்ள மாட்டின சால்வென்ட் வினைல இளக்கி ஓரத்த தூக்கிவிடும். பிரிண்ட் பண்ணினத சுருட்டி வைக்காம 24 மணி நேரம் காத்தாட விடுங்க, அப்புறம் லேமினேஷன், அப்புறம் கட். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து "நாளைக்கு காலைல வண்டில ஒட்டணும்"னு நிக்கறவங்க கிட்ட இத சொல்லி புரிய வைக்க என்னால இதுவரைக்கும் முடியல, அவங்களுக்கு பிரிண்ட் வேண்டாம், மஞ்சள் ரேடியத்துல எழுத்து மட்டும் வெட்டி குடுத்துடறேன்னு சொல்லிடறேன்.